ஸ்ரேசன் இலெவனும் அம்மாவின் திறப்பும்

எமிலி சென். ஜோன் மண்டேலின் 'ஸ்ரேசன் இலெவன்' நாவலை இரண்டாம் முறை வாசித்து முடித்தேன். 2014இல் வெளிவந்து, அடுத்த வருடமே ஆர்தர் சி. கிளார்க் விருதும் ரொறன்ரோ புத்தக விருதும் பெற்றது. கதை தொடங்குவது எங்கட நகரத்தில்தான். யங் வீதி எல்ஜின் அரங்கில் 'லியர் மன்னன்' நாடகம் நடக்கும்போது, லியராக நடிப்பவர் மேடையிலேயே இறந்துபோகிறார். வெளியே பனி. அன்றிரவே ஒரு காய்ச்சல் நகரத்துக்குள் பரவுகிறது. சில கிழமைகளில் உலகத்துச் சனத்தில் பெரும்பகுதி இல்லை. மின்சாரம், தொலைபேசி, பெற்றோல் ஒன்றுமில்லை.

விஞ்ஞானப் புனைகதை என்றாலும் இதில் விஞ்ஞானம் கொஞ்சம்தான், மனிதர்கள்தான் நிறைய. நடிகரைக் காப்பாற்ற மேடைக்குப் பாய்ந்து ஏறும் ஜீவன் சௌத்ரி, பிறகு தள்ளுவண்டிகளில் சாப்பாட்டுச் சாமான்களை நிரப்பி, சக்கர நாற்காலியில் இருக்கும் சகோதரனின் மாடிவீட்டுக்குப் பனிக்குள்ளால் கொண்டுபோகிறான். அன்று மேடையில் நின்ற எட்டு வயதுச் சிறுமி கேர்ஸ்ரன், இருபது வருடம் கழித்து ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் ஒரு குழுவோடு நடந்துகொண்டிருக்கிறாள். பசியோடு இருக்கும் சனத்துக்கு நாடகம் எதற்கு என்று கேட்பவர்கள், 1985இல் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'மண் சுமந்த மேனியர்' பார்த்தவர்களைக் கேட்கட்டும்.

இங்கத்தைய நண்பர்களுக்கு இந்த நாவல் ஒரு கற்பனைப் பயம். எனக்கு அப்படி வாசிக்க முடியவில்லை. 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்காக இருந்தோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் ஒரு வித்தியாசம். நாவலில் உலகம் முழுவதும் இருண்டது. எங்களுக்கு எங்கள் ஊர் மட்டும். கொழும்பில் லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று விமானம். விமானம் பறந்த வானம் நாவலில் வருபவர்களுக்குக் கைவிட்டுப்போன அதிசயம். சகடையின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு, விமானம் இல்லாத வானம்தான் நிம்மதி. அந்தப் பக்கங்களில் என்னால் அவர்களோடு சேர்ந்து ஏங்க முடியவில்லை.

என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பவர் கிளார்க். கைவிடப்பட்ட விமான நிலையத்தில் வாழும் அவர் அங்கே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். வேலை செய்யாத கைத்தொலைபேசி, கடன் அட்டை, கடவுச்சீட்டு, குதியுயர்ந்த சப்பாத்து... இனி ஒன்றுக்கும் உதவாத சாமான்கள். ஸ்கார்பரோவில் எங்கட வீட்டு லாச்சியிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா பூட்டிக்கொண்டு வந்த வீட்டின் திறப்பு. இப்போது அந்தக் கதவும் இல்லை, சுவரும் இல்லை.

தங்கைக்கு அப்போது ஐந்து வயது. நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் நெரிபட்டு நின்றது அவளுக்கு ஞாபகமில்லை. கேர்ஸ்ரனுக்கும் நடந்த முதல் வருடம் ஞாபகமில்லை. மறந்தது நல்லதுதான் என்று அவள் நினைக்கிறாள், தங்கையும் அப்படித்தான். "பிள்ளைக்கு ஏன் அண்ணா இதெல்லாம்?" என்கிறாள். பழைய உலகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவதா விடுவதா என்று நாவலிலும் பெற்றோர் தடுமாறுகிறார்கள். நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை.

என் கட்சி கிளார்க்கின் கட்சி. அவர் பிள்ளைகளை இருத்திவைத்துப் பாடம் எடுப்பதில்லை. சாமானைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுகிறார், விருப்பமானவர்கள் வந்து பார்க்கலாம். போன மாதம் மருமகன் லாச்சியைக் கிண்டிவிட்டு, "மாமா, இது எந்தக் கதவுக்கு?" என்று கேட்டான். தங்கை குசினியில் நின்றாள். நான் சொன்னேன். அவள் தடுக்கவில்லை.