வண்ணத்தின் அடியில்

நுழையும்முன்
வாகனத்துக்குப் பூசும் வண்ணம் அழகைத் தருகிறது. இரும்பைத் துருவிலிருந்து காக்கவும் செய்கிறது. பூச்சில் தோன்றும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறியாமல் மேலும் ஒரு பூச்சால் மறைத்தால் என்ன நேரும்? தம் வீட்டு நிகழ்வொன்றின் வழியே ஆசிரியர் விடை காண்கிறார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓர் உழைப்புக் கருவி. மரவள்ளிக்கிழங்கு மூட்டையையும் உரப்பையையும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையையும் அதுவே சுமக்கிறது. மழையில் நனைந்து, கல்லடி பட்டு அதன் பூச்சு பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் நீரும் காற்றும் இரும்பைத் தொடத் துரு தொடங்குகிறது. பட்டறைக் கூலியை எண்ணி, வீட்டிலேயே வண்ணம் பூச முற்படுவோர் எங்கள் பகுதியில் பலர்.

என் அண்ணனும் அவர்களுள் ஒருவர். அப்பா பல ஆண்டுகள் ஓட்டிய வண்டியை அவர் காலத்துக்குப்பின் அண்ணன் எடுத்துக்கொண்டார். மலையூர்களுக்குக் காய்கறி கொண்டுசென்று விற்பது அவர் திட்டம். கார்த்திகை மாத மழைக்கிடையே, பெட்ரோலை வடித்துவிட்டு, வாடகைக்கு எடுத்த கம்ப்ரசரையும் ஸ்பிரே கன்னையும் கொண்டு வீட்டுத் தாழ்வாரத்தில் டேங்குக்கு வண்ணம் பூசினார். மறுநாள் காலையில் பார்த்தபோது அதன்மேல் குறைகள் நிறைந்திருந்தன.

"இன்னொரு பூச்சு பூசினால் எல்லாம் மறைந்துவிடும்" என்றார் அண்ணன். வாகனப் பூச்சுத் தொழிலில் முதிர்ந்த எங்கள் மாமா டேங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மறையும் மாப்பிள்ளை, போகாது" என்றார்.

குறைகளைப் படித்தல்

மாமா ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். ஒரு பக்கம் ஆரஞ்சுப் பழத்தின் தோலைப்போல் மேடுபள்ளமாக இருந்தது. வண்ணம் கெட்டியாக இருந்தாலோ, ஸ்பிரே கன்னை மிகத் தள்ளிப் பிடித்தாலோ, துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமனாகுமுன்பே உலர்ந்துவிடும். மறுபக்கம் வண்ணம் கண்ணீர்போல் வழிந்திருந்தது. அங்கே கன் மிக அருகில் வந்திருக்கிறது. அல்லது கை ஓரிடத்தில் தயங்கியிருக்கிறது. இவ்விரண்டையும் பூச்சு நன்கு இறுகிய பின்னர், வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமன்செய்யலாம்.

நடுவில் மீன்கண்கள்போல் சிறு வட்டக் குழிகள் தெரிந்தன. எண்ணெயோ மெழுகோ படிந்த இடத்தில் வண்ணம் பரவாமல் விலகிக்கொள்ளும். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததை நினைத்தால் இது விளங்கும். எண்ணெயைத் துடைத்து நீக்காமல் எத்தனை முறை பூசினாலும் குழிகள் மீண்டும் தோன்றும்.

மேற்பரப்பு முழுவதும் வெண்புகைபோல் மங்கியிருந்ததற்கு மழைக்காலமே காரணம். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீருள்ள குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதுபோல், காற்றின் ஈரம் அப்பரப்பில் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது.

தெரியுமா?
தொடக்கக் கால மகிழுந்துகளுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ் உலர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆனது. 1923-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓக்லாந்து மகிழுந்துகளுக்கு, டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய 'டூக்கோ' என்னும் விரைந்து உலரும் பூச்சைப் பயன்படுத்தியது. அப்பெயர் இன்றும் நம் நாட்டுப் பட்டறைகளில் வழங்குகிறது.

மேட்டின் அடியில்

டேங்கின் அடிவிளிம்பில் கடுகளவு மேடுகள் சில இருந்தன. அவை புதிய பூச்சுக்கு முன்பே இருந்தவை. "தை பிறக்குமுன் வண்டி ஓட வேண்டும், மாமா. அதை மட்டும் விட்டுவிடுவோம்" என்றார் அண்ணன். மாமா மறுமொழி கூறாமல் தேய்க்கத் தொடங்கினார். புதிய நீலத்தின் அடியில் அரக்கு, அதனடியில் பச்சை, அதற்கும் கீழே கறுப்பு என மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் பழைய வண்ணங்கள் வெளிப்பட்டன. அந்தப் பச்சையில்தான் அப்பா என்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஒவ்வொரு முறையும் துருவை அகற்றாமலேயே மேலே பூசியிருந்தார்கள்.

கறுப்பின் கீழே இரும்பு பொடியாக உதிர்ந்தது. அங்கே ஊசித்துளை ஒன்று இருந்தது. பெட்ரோலில் கலக்கும் நீர் அதைவிட அடர்த்தி மிகுந்ததால் டேங்கின் அடியில் தங்கி, உள்ளிருந்தே இரும்பை அரித்திருக்கிறது. துளையை அடைத்துநின்றவை துருவும் பழைய வண்ணமுமே. வெள்ளிமலை ஏற்றத்தில், சூடேறிய எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணனே டேங்கைக் கழற்றி எடுத்தார்.

வெற்று டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். நன்கு கழுவி அதனை அகற்றாமல் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது. ஆகவே துளையை அடைக்கும் பணியைத் தேர்ந்த பட்டறையிடம் ஒப்படைத்தோம். பின்னர் நல்ல வெயில் நாளொன்றில் துருவற்ற இரும்பின்மேல் பிரைமர் பூசி, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிட்டு அண்ணனே வண்ணம் பூசினார். தை பிறந்து இரண்டு வாரம் கழித்தே வண்டி மலையேறியது.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றன. அச்சிற்பி செதுக்கி எடுத்துவிட்ட மரத்தை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. அதனால் உளியை வைக்குமுன் நெடுநேரம் பார்க்கிறார். வண்ணம் பூசுவோர்க்கோ மீண்டும் தொடங்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்த, பூசியதைத் தேய்த்தெடுக்கும் துணிவும் இரும்பு தெரியும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.