சோழவந்தான் ரூட்டுக்கு எந்த சைக்கிள் மாப்ள?

கையில 28,000 ரூபாய். அதுக்குள்ள ஒரு எம்.டி.பி. சைக்கிள் வாங்கணும். அது தினமும் காலேஜுக்கும் போகணும், ஞாயித்துக்கிழமை நாகமலை அடிவாரக் கல்லுலயும் குதிக்கணும். ‘இந்தக் காசுக்கு பழைய மொபெட் வாங்கலாமேடா’னு வீட்ல அப்பா ஒரு பக்கம். இதுதான் தென்கரையில இருக்கிற நம்ம மாப்ளயோட இன்றைய நிலவரம்! அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வெச்சிருக்கார். அந்தக் காசு கொடிக்கால்ல இருந்து வந்தது. அதனால தப்பான சைக்கிள் வாங்குற சான்ஸே கிடையாது. உங்க கதையும் கிட்டத்தட்ட இதேதானா? அப்ப வாங்க, ரூட்டைப் பார்ப்போம். ரூட்டைப் பார்க்காம கேட்டலாக் பார்க்கிறது வேஸ்ட் பாஸ்!

மதுரை காளவாசல்ல இருந்து கோச்சடை, துவரிமான், மேலக்கால்னு வைகையின் தென்கரையைப் பிடிச்சுப் போங்க. வலது பக்கம் ஆறு, இடது பக்கம் நாகமலை. தென்கரையில பாலம் ஏறி இறங்கினா சோழவந்தான். மொத்தமே 20 கிலோமீட்டர் சொச்சம், அதுவும் தட்டையான தார் ரோடு. இதுக்கு ஷாக் அப்ஸார்பரே தேவையில்லை, சாதா சைக்கிளே பறக்கும். பிளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள்லயே நம்ம பசங்க பாதிப் பேர் இதைத் தாண்டிட்டாங்க.

ஆனா மேலக்கால்ல இடது பக்கம் திரும்பி செக்கானூரணி ரோட்டைப் பிடிச்சா, நாகமலையைக் கணவாய் வழியா கடக்கணும். மாப்ள காலேஜ் மலைக்கு அந்தப் பக்கம். இங்கதான் கியர் பேசும். விலை குறைஞ்ச எம்.டி.பி.கள்ல முன்னாடி 42, 34, 24 பல், பின்னாடி 14-ல இருந்து 28 பல் வரைக்கும் இருக்கிறது சகஜம். முன்னாடி 24, பின்னாடி 28 போட்டா, பெடல் ஒரு சுத்து சுத்தினாலும் சக்கரம் ஒரு சுத்துகூட முழுசா சுத்தாது. மெதுவாத்தான் போகும், ஆனா இறங்கித் தள்ள வேண்டாம். சாதா சைக்கிள்ல ஒரு பெடலுக்கு சக்கரம் ரெண்டு சுத்துக்கு மேல சுத்தணும், மேட்டுல முட்டி கழண்டுடும்!

அடுத்த வில்லன் ஆடிக் காத்து. மேற்கேயிருந்து அடிக்கும். காலையில கிழக்கே போறவனைத் தள்ளிவிடும், சாயங்காலம் திரும்பறப்ப மூஞ்சியில அறையும். (திருவேடகம் பக்கத்துலதானே இருக்கு? வைகை வெள்ளத்தை எதிர்த்து சம்பந்தரோட ஏடு போனதா சொல்ற ஊர். நமக்கு அந்த வசதியெல்லாம் இல்ல.) அந்த நேரத்துல முன் ஃபோர்க் மேலயும் கீழயும் ஆடினா உங்க சக்தி பாதி ஸ்ப்ரிங்குக்கே போயிடும். அதனால ‘லாக் அவுட்’ இருக்கானு பாருங்க. ஒரு குமிழைத் திருப்பினா ஃபோர்க் கட்டையா நின்னுடும். பின்னாடியும் ஸ்ப்ரிங் வெச்சு பளபளனு நிக்கிற சீப்பான ‘டபுள் சஸ்பென்ஷன்’ பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க. அது சைக்கிள் இல்ல, கட்டில்! முன்னாடி மட்டும் ஷாக் இருக்கிற ‘ஹார்ட்டெயில்’தான் இந்தக் காசுக்கு நியாயம்.

இப்ப சேறு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின சோழவந்தான் வெற்றிலை, ஈரமும் நிழலும் இருந்தாத்தான் வளரும். அகத்தி மரத்துல கொடி ஏறியிருக்கும், ஓரத்து வரப்பு எப்பவும் ஈரம். சக்கர விளிம்பைப் பிடிக்கிற பழைய பிரேக்ல இந்த மண் அப்பிக்கிட்டா, பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க் பிரேக் சக்கரத்து நடுவுல இருக்கறதால தப்பிச்சுடும். ஆயிலா, கேபிளா? ஆயில் டிஸ்க் வெண்ணெய் மாதிரி நிக்கும், மறுக்கல. ஆனா ஆயில்ல காத்து புகுந்துட்டா, அந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்கைத் தேடி மதுரை வரைக்கும் ஓடணும். கேபிள்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் கடையிலயே முடிஞ்சுடும். என் ஓட்டு கேபிளுக்கு.

பிரேக்னதும் ஒரு குட்டிக் கதை. இந்த சைக்கிள் பிறந்ததே கலிஃபோர்னியாவுல, டமால்பைஸ்ங்கிற மலைப் பக்கம். (பேர்ல தமிழ் வாடை அடிக்குதேனு சொந்தம் கொண்டாடிடாதீங்க!) 1976-ல அங்க சில பேர் குண்டு டயர் வெச்ச பழைய சைக்கிள்கள்ல மலையில இருந்து ரேஸ் விட்டாங்க. ஒரு தடவை இறங்கினாலே பின் பிரேக்குல இருக்கிற கிரீஸ் சூட்டுல புகைஞ்சு போயிடும், மறுபடி அடைக்கணும். அதனால ரேஸுக்குப் பேரே ‘ரீபேக்’!

நம்ம ஊர்ல சூடு பிரச்னையில்ல, முள்ளுதான். கண்மாய்க் கரை, ஆத்தோரம்னு எங்க திரும்பினாலும் சீமைக் கருவேலம். டியூபுக்குள்ள சீலண்ட் ஊத்திக்குங்க, பஞ்சர் கிட் பையிலயே இருக்கட்டும். வால்வ் கார், பைக் மாதிரி தடியா இருந்தா பெட்ரோல் பங்க்லயே காத்து பிடிக்கலாம். டயர் அகலம் 2 இஞ்ச் பக்கம் போதும், அதுக்கு மேல போனா தார் ரோட்டுல இழுக்கும். அடிவாரத்துல காப்புக்காடு வர்ற இடத்துல வனத்துறையைக் கேட்காம சைக்கிளை ஏத்தாதீங்க.

கடையில யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை மாப்ளயோட அப்பாதான் கேட்டார்: ‘‘கேரியர் மாட்ட முடியுமா?’’ சபாஷ்! பின் ஃப்ரேம்ல அதுக்கான திருகு ஓட்டை இருக்கானு குனிஞ்சு பாருங்க. சில மாடல்ல இருக்காது. மட்கார்டு, ஸ்டாண்டு, லைட், பூட்டு எல்லாமே பெரும்பாலும் தனிக் காசு. 28,000 இருந்தா 24,000-க்குத்தான் சைக்கிள் பார்க்கணும். சாயங்காலம் இருட்டினப்புறம் வர்ற ஆளுக்கு பின்பக்க சிவப்பு லைட், ஷாக் அப்ஸார்பரைவிட முக்கியம்.

மாப்ள இப்ப ரெண்டு மாடல்ல வந்து நிக்கிறான். ரெண்டுமே 27.5 இஞ்ச் சக்கரம், கேபிள் டிஸ்க், லாக் அவுட். ஒண்ணுல ஓட்டை இருக்கு, இன்னொண்ணுல கலர் இருக்கு. சனிக்கிழமை கடைக்குப் போறோம். ரெண்டு காலையும் தரையில ஊனி நின்னா, குறுக்குப் பைப்புக்கும் ஆளுக்கும் நடுவுல 2 இஞ்சாவது இடைவெளி வேணும். அதுல எது தேறுதோ, அதை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் காசு எண்றது. அப்பாவும் வர்றார்.