வாடகைக்கு முன் லைனைப் பார்

தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு ரயிலேறுகிறவர்களில் பலர் தாதரிலேயே இறங்கிவிடுகிறார்கள். மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் அங்கேதான் சந்திக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து ஈராண்டு வேலைக்காக வந்த ஓர் இளம்பெண் பொறியாளரும் தாதரில் இறங்கி, லோக்கல் பிடித்து, டோம்பிவிலியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனார். அலுவலகம் அந்தேரியில். வீடு பார்க்கும் வரை சித்தி வீட்டில் ஜாகை.

"ஏட்டி, வாடகை எங்க கம்மின்னு பாக்காத. எந்த லைன்ல இருக்குன்னு பாரு," என்றார் சித்தி. மும்பையில் குடியேற வருகிற யாருக்கும் இதைவிட நல்ல யோசனை சொல்ல முடியாது. கடலுக்குள் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர் இது; பழைய ரயில் பாதைகளும் அப்படியே ஓடுகின்றன. மேலிருந்து கீழே வருவது எளிது, கிழக்கிலிருந்து மேற்கே போவதுதான் பாடு. 2014 ஜூனில் காட்கோபர்–வர்சோவா மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகே இந்தக் குறுக்குப் பயணம் கொஞ்சம் வசப்பட்டது.

ஆகவே தினமும் டோம்பிவிலியிலிருந்து காட்கோபர் வரை லோக்கல், அங்கிருந்து அந்தேரிக்கு மெட்ரோ. அறிவிப்புப் பலகையில் ஊர்ப் பெயரின் ஓரிரு எழுத்தும், வேக வண்டிக்கு 'எஃப்', மெது வண்டிக்கு 'எஸ்' என்ற குறியும் தெரியும். அதைப் படித்துவிடலாம். பெண்கள் பெட்டிக்குள் நடப்பதுதான் தனிக் கலை. ஏறியதும் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். 'குர்லா' என்று ஒருவர் சொன்னால் அந்த இடம் கேட்டவருக்கு. இன்னொருத்தி வந்து கேட்டால், கொடுத்தாயிற்று என்று பதில் வரும். சீட்டு இல்லை, சாட்சி இல்லை, ஆனால் சொன்ன சொல் பெரும்பாலும் நிற்கிறது. மூவர் அமரும் பலகையில் நான்காவதாக ஒருவருக்கு நுனி இடம் விடுவதும் இங்கே உரிமை போலத்தான். காட்கோபரில் இறங்க வேண்டுமானால் முலுந்த் தாண்டும்போதே கதவுப் பக்கம் நகரத் தொடங்க வேண்டும்.

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது இந்தத் தடத்தில்தான். அதே தடத்தில் ஓடும் பெட்டிகளில் இன்று பெண்கள் நின்றபடியே பூக்கட்டுகிறார்கள், கீரை ஆய்கிறார்கள்.

கடைசியில் காட்கோபரிலேயே, வேறு இரு பெண்களோடு பகிர்ந்துகொள்ளும் வீடு கிடைத்தது. தரகருக்கு ஒரு மாத வாடகை, அதுபோக டெபாசிட். பதினோரு மாத ஒப்பந்தம்தான் வழக்கம். அதையும் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பதிவுப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லிக்கு மாட்டுங்கா. காட்கோபரில் மெது வண்டி ஏறினால் நாலாவது நிறுத்தம். 1940 முதல் இருக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களில் குஜராத்திகளும் மராட்டியர்களும் நிறைய. இட்லிக்காக வரிசையில் நிற்கிற அந்த மும்பையைப் பார்த்த பிறகுதான், இந்த ஊரில் இருந்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது.

பிறகு மழை வந்தது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இந்த ஊர் மறக்கவில்லை. கடல் ஏறும் நேரத்தில் கனமழை பெய்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்காது. குர்லா, சயான் பக்கம் தண்டவாளம் முழுகும். அதனால் மழைக்காலத்தில் கடல் ஏற்ற நேரமும் அன்றாடச் செய்தி. இப்போது அவர் மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் வானத்தைப் பார்ப்பதில்லை, அந்த நேர அட்டவணையைத்தான் பார்க்கிறார். டோம்பிவிலிப் பக்கம் வீடுள்ள தோழிகளிடம், இன்றைக்கு என் அறையிலேயே தங்கிவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறார்.