பூமி மறைக்கும் சூரியன்

சந்திர கிரகணத்தன்று நிலாவில் ஒருவன் நின்றுகொண்டிருந்தால் அவனுக்கு அது சூரிய கிரகணம். மறைக்கிற ராகு வேறு யாருமில்லை, நாம்தான்.

அங்கே பூமி உதிப்பதும் இல்லை, அஸ்தமிப்பதும் இல்லை. ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். (நிலாவின் மறுபக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பினை இல்லை. அவனுக்குப் பூமியே தெரியாது.) அன்று பூமிக்கு அமாவாசை, முகம் முழுக்க இருட்டு. சூரியனைவிட நான்கு மடங்கு அளவுக்கு அகலம். அதன் பின்னால் சூரியன் மெல்லப் புகுந்து முழுசாக மறைய ஒரு மணி நேரம்போல் ஆகிவிடும். அதற்குள் தரையின் சூடு மளமளவென்று இறங்கும். காற்று இல்லாத ஊர், நூறு டிகிரிக்கு மேல் குறைந்துவிடும்.

மறைந்த பிறகுதான் விசேஷம். கறுத்த பூமியைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் எரியும். நம் காற்று மண்டலத்தில் நீலம் சிதறிப்போக, மிஞ்சிய சிவப்பு வளைந்து வருகிறது. 2025 செப்டம்பர் 7 இரவு 82 நிமிடம் நிலா சிவந்து கிடந்ததே, அப்போது அந்த வளையத்தின் ஒரு விளிம்பில் லண்டனின் அந்தி, எதிர் விளிம்பில் நியூசிலாந்தின் விடியல். நம் ஊர் அந்த இருட்டு வட்டத்துக்கு நடுவில் எங்கோ. மொட்டை மாடியில் நின்ற எங்களுக்கு இது உறைக்கவில்லை. ‘எப்ப விடும்’ என்பதுதான் பேச்சு.

நிலாத் தரையில் நின்று மனிதர் எவரும் இதைப் பார்த்ததில்லை. கேமரா பார்த்திருக்கிறது. பள்ளம் ஒன்றின் சரிவில் சாய்ந்தபடி இறங்கிய சர்வேயர் 3 விண்கலம், நான்கே நாளில், 1967 ஏப்ரல் 24 அன்று, படம் எடுத்தது. வளையம் ஒழுங்காக இல்லை. அறுந்த மணிமாலைபோல் அங்கங்கே பிரகாசம், அங்கங்கே ஒன்றுமில்லை. விளிம்பில் மேகம் மூடிய இடங்களில் வெளிச்சம் வரவில்லை. எனக்கு இதில் பிடித்ததே அந்த ஒழுங்கின்மைதான். எங்கோ கடல்மேல் திரண்ட மேகத்தை நிலாவிலிருந்து கண்டுபிடிக்கலாம்!

1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள் பக்கத்திலேயே இறங்கி, அந்தக் கேமராவைக் கழற்றி எடுத்து வந்தார்கள். திரும்பும் வழியில் பூமி சூரியனை மறைப்பதை ஜன்னல் வழியே அவர்களே பார்த்தார்கள்.

2028 டிசம்பர் 31 இரவு பத்து மணி வாக்கில் இந்தியாவில் முழு சந்திர கிரகணம் தெரியும். வருஷப் பிறப்பு கேக் கொஞ்சம் காத்திருக்கட்டும். வெளியே வந்து பாருங்கள்.