ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊர்

பனி மூடிய தியென்சான் மலைகளைக் கடந்து இந்தியா வந்தவர் சீனத் துறவி யுவான் சுவாங். நாளந்தாவில் சீலபத்திரரிடம் யோகாசார நூல்களைக் கற்ற அவர், ஏறத்தாழ கி.பி. 640இல் பல்லவர் தலைநகரான காஞ்சியை அடைந்தார். அப்போது ஆண்டவன், மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன்.

காஞ்சி நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் அவற்றில் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்பது அவர்தம் பயணக்குறிப்பு. அந்நாட்டு மக்கள் அஞ்சாதவர், வாய்மை தவறாதவர், கல்வியைப் போற்றுபவர் என்றும் எழுதினார்.

ஆயினும், அவர்தம் நாட்டம் கடலுக்கு அப்பால் இருந்தது. இலங்கைத் துறவியர் யோக நூலை நன்கு விளக்குவர் எனக் கேள்வியுற்று மரக்கலம் ஏற எண்ணியிருந்தார். அவ்வேளையில் அத்தீவின் துறவியரே காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அரசன் மறைந்தான், நாட்டைப் பஞ்சம் வாட்டுகிறது என்றனர். தம் ஐயங்களை அவர்களிடமே வினவினார் யுவான் சுவாங். சீலபத்திரர் கற்பித்ததற்கு மேலாக அவர்களால் ஒன்றும் கூற இயலவில்லை.

அச்சீலபத்திரருக்குக் கற்பித்தவர் தருமபாலர். அவர் பிறந்த ஊர் காஞ்சி. கடல் கடந்து தேட முனைந்த அறிவின் வேர், பயணி நின்ற மண்ணிலேயே இருந்தது. மரக்கலம் ஏறாமலே அவர் திரும்பினார். 645இல் 657 நூல்களுடன் தாயகம் சேர்ந்தார்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துள் காஞ்சியும் மாமல்லபுரமும் ஒருங்கே இருந்தன. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள் இன்றும் கடற்காற்றைத் தாங்கி நிற்கின்றன. காஞ்சியின் பள்ளிகளோ மறைந்தன. அங்குக் கிடைத்த புத்தர் சிலைகள் சிலவும், தொலைவிலிருந்து வந்த ஒருவரின் எழுத்தும் அவற்றுக்குச் சான்று.