மொரீஷியஸில் நான் படித்த பாடம்



போன மாதம் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுக்க, பத்து நாள் மொரீஷியஸ் போய்வந்தேன். "படம் மட்டும் போட்டால் எப்படி ஐயா, எழுதுங்கள்" என்று பலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் பணம் மாற்றியதும் நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். தமிழ் எழுத்து! அதிலிருக்கும் படமும் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவருடையது. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

அந்தப் பெருமையோடு, தங்கிய வீட்டு அம்மாவிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். என் வயதுதான் இருக்கும். சிரித்துக்கொண்டே கையை விரித்தார். வீட்டில் பேசுவது கிரியோல், கொஞ்சம் ஆங்கிலம் வரும். "தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன். முப்பத்தைந்து வருட வகுப்பறைக் குரல், அடங்குமா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுடச்சுடப் பருப்புப் பூரி கொண்டுவந்து வைத்தார். நம் போளி மாதிரிதான், இனிப்பு கிடையாது.

அழகான நாடு. வழியெல்லாம் கரும்புக்காடு. தூரத்தில் பீட்டர் போத் மலை, உச்சியில் மனிதத் தலை போல ஒரு பாறை. கரும்புக்காட்டின் நடுவே கருங்கற்கள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. இடிந்த கோட்டையோ என்று கேட்டேன். "இல்லை, நிலத்தைத் திருத்த எங்கள் முன்னோர்கள் கையால் பொறுக்கிக் குவித்த கற்கள்" என்றார் அந்த அம்மா. அதன்பிறகு அந்தப் பச்சையை வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்ற இடத்துக்கு அவரே அழைத்துப் போனார். 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஏறிய பதினாறு கற்படிகள் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கொரு எண். காதில் விழுந்தபடி பெயரை எழுதிக்கொண்டார்கள். சீனிவாசன் அங்கே சீனீவாசென். பெயரே இப்படி மாறிப்போன இடத்தில் பேச்சு எப்படித் தங்கும் என்று அந்தப் படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் கோயிலுக்குப் போனோம். அந்த அம்மா பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தேவாரம் ஒன்றை முழுவதும் பாடினார். எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கில எழுத்தில்! அவருடைய அம்மா பாட, சின்ன வயதில் கேட்டு எழுதிக்கொண்டதாம். பாடி முடித்துவிட்டு, "அறுபது வருடமாகப் பாடுகிறேன். இதற்கு என்ன அர்த்தம், சொல்வீர்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். வரிக்குக் கீழே பென்சிலால் எழுதிக்கொண்டார். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்ட மாணவி வேறு யாருமில்லை.

உறவுகளுக்குத் தெரியும், வெளிநாட்டில் வளரும் என் பேத்தியிடம், "தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் நீ என்ன தமிழ்ப்பிள்ளை?" என்று ஒருநாள் வீடியோ காலில் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் அவள் போன் பக்கமே வருவதில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு சின்னப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். பாடிக் காட்டினாள். ழகரம் மூன்று இடத்தில் லகரமாகப் போனது. நான் திருத்தவில்லை. "இன்னொரு தடவை பாடும்மா" என்றேன்.

ழகரத்துக்காக என்னிடம் குட்டு வாங்கிய மாணவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்தக் கிழவனை மன்னித்தும் விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா