எழும்பூரில் கண்ட நாகப்பட்டினம்

சென்னைக்குச் செல்லும் நம் மலேசியத் தமிழர் பெரும்பாலோர் தியாகராய நகரின் துணிக்கடைகளைத் தவறவிடுவதில்லை, திருத்தலங்களையும் தவறவிடுவதில்லை. எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் வாயிலில் அவர்கள் ஏறிச் செல்லும் வண்டி நிற்பதுதான் அரிது. பழைய சென்னைவாசிகள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றழைப்பர். உயிரற்ற பொருள்கள் இருந்த இடம் செத்த காலேஜ். விலங்குகள் இருந்த இடம் உயிர்க் காலேஜ். 1851ஆம் ஆண்டில் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் தொடங்கிய அந்த நிலையம், முதலில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இயங்கிப் பின்னர்ப் பாந்தியன் சாலைக்கு வந்தது. கல்லூரி போனாலும் பெயர் மட்டும் மக்கள் நாவில் ஒட்டிக்கொண்டது.

பள்ளி விடுமுறையொன்றில் கிளேபாங்கிலிருந்து சென்ற நான் ஒரு முழுப் பகலை அங்கே கழித்தேன். நுழைவுக் கட்டணம் அந்நாட்டவர்க்கு ஒன்று. வெளிநாட்டவர்க்கு அதனினும் பன்மடங்கு. நான் வெளிநாட்டவர் கட்டணத்தை நீட்டித் தமிழில் சீட்டுக் கேட்டேன். சீட்டுக் கொடுத்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயாவுக்கு எந்த ஊர்?"

"மலாக்கா."

"மலேயாவா! எங்கள் பெரியப்பாகூட அங்கே போனவர்தான். திரும்பி வரவில்லை."

இவ்வாறு சொல்லிவிட்டு வெளிநாட்டவர் சீட்டையே கிழித்துக் கொடுத்தார். முறையும் அதுதான். என் கடப்பிதழ் வேறு நாட்டினுடையது. ஆயினும், 'வெளிநாட்டவர்' என்று அச்சிட்ட தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோழர் காலத்துத் திருமேனிகளின்முன் நிற்பது ஒரு விந்தையான உணர்வே.

அமராவதிச் சலவைக்கற்களைப் பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஒரே தூபியின் சிற்பங்களுள் ஒரு பகுதி எழும்பூரிலும் மற்றொரு பகுதி இலண்டனிலும் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி நகர்கின்றேன். இரவிவர்மாவின் ஓவியங்களையும் விரைந்தே கடந்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது செப்புத்திருமேனிக் கூடம்.

கோயிலில் நாம் காணும் உற்சவமூர்த்தி பட்டுக்கும் மாலைக்கும் கவசத்துக்கும் உள்ளே இருப்பவர். முகமும் கையும் தெரிந்தால் அதுவே பெரும்பேறு. எழும்பூரில் ஆடையணி ஏதுமின்றி நிற்கும்போதுதான் சிற்பி என்ன செய்தான் என்பது புலப்படுகின்றது. மெழுகில் உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கின்றான். அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு மெழுகு ஒரு திருமேனிக்கே உதவும். திருவெண்காட்டு அர்த்தநாரியின் ஒருபுறத்து இடையும் மறுபுறத்து இடையும் வேறுபடும் அந்த மெல்லிய கோட்டை மெழுகிலேயே கண்டவன் எத்தகையவன்! திருவாலங்காட்டு நடராசரை நேரில் காணாமல், நிழற்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் உருகி எழுதினார். அது 1921இல் அச்சேறியது. கோயிலில் தீபாராதனைக்கு இடையே அரை நிமிடம் கண்டு கும்பிட்டு நகரும் நாம் அவ்வளவு நேரம் பார்த்திருப்போமா என்பது ஐயமே.

இத்திருமேனிகள் பல மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. இடர்க்காலங்களில் பாதுகாப்புக்காகப் புதைக்கப்பட்டுப் பின்னர் உழவரின் கொழுமுனையிலும் கடைக்கால் தோண்டுவோர் மண்வெட்டியிலும் பட்டவை. 1878ஆம் ஆண்டுப் புதையற்சட்டப்படி அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தன. களிம்பேறிய உலோகத்தைத் தூய்மை செய்வதற்கென 1930இல் பரமசிவன் என்னும் வேதியியலறிஞர் இங்கு ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். நான் நின்றிருந்தபோது ஒரு மூதாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டுக் கண்ணாடிப் பேழையின்முன் கைகூப்பினார். காவலர் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

பின்னர்தான் அந்தப் புத்தர்களைக் கண்டேன். நாகப்பட்டினத்துப் புத்தர்கள்! அளவில் சிறியவை, நடராசரைக் காண வருவோர் இவற்றினருகே மிகுதியாக நிற்பதில்லை. உச்சியில் தீச்சுடர், தோளிலிருந்து வழியும் துவராடை, சிலவற்றின் பீடத்தில் தமிழெழுத்து. 1856ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் இயேசு சபைத் துறவியர்க்குரிய நிலத்தில் முதல் திருமேனிகள் கிடைத்தன. தொடர்ந்து பல்லாண்டுகளில் ஏறத்தாழ 350 கிடைத்தன. அங்கே நின்ற பழைய செங்கற்கோபுரத்தை ஊரார் சீனக் கோபுரம் என்றனர். அது 1867இல் இடிக்கப்பட்டது.

நாகப்பட்டினம் என்ற சொல்லே என்னை அங்கு நிறுத்தியது. என் பாட்டனார் 1937இல் அத்துறைமுகத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி, அங்கேயே மண்ணானவர். எங்கள் வீட்டில் நாகப்பட்டினம் என்றால் கண்ணீரோடு கையசைத்த கரை. வேறு பொருள் அதற்கில்லை.

ஆனால், அதே கரையில் 1006ஆம் ஆண்டளவில் நம் பகுதியைச் சேர்ந்த ஓர் அரசன் கட்டுவித்த புத்தப்பள்ளி உயர்ந்து நின்றது. ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் தலைவனான மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் அமைத்த சூடாமணி விகாரம் அது. சைவனாகிய முதலாம் இராசராசன் அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்தவன் அவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன்தான் 1025இல் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தினான்! நட்பும் போரும் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்தன. ஆயினும் பள்ளி அழியவில்லை. 1090இல் கடாரத்தரசனின் தூதர்கள் வேண்டிக்கொள்ள, முதலாம் குலோத்துங்கன் அக்கொடையைப் புதுப்பித்து வேறு செப்பேடுகளை வழங்கினான். இவ்விரு தொகுதிகளும் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

ஒல்லாந்தர் என்றதும் மலாக்காக்காரனுக்குச் சிவப்பு நிற ஸ்டாடைஸ் கட்டடம் நினைவுக்கு வாராதிருக்குமா? அவர்கள் 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தவர்கள். ஒரே வணிகக் குழுமத்தின் இரு கணக்கேடுகளில் நம் இரண்டு ஊர்களும் இருந்தன. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதே 1781இல்தான் மலாக்காச் செட்டிகள் ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினர். இவ்விரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க நான் வரவில்லை. ஓர் ஆண்டு எத்தனை கரைகளைத் தொடுகின்றது என்பதே என் வியப்பு.

நம் பள்ளிகளிலும் மேடைகளிலும் இருவகைப் பேச்சே கேட்கின்றோம். ஒன்று, கடாரம் கொண்டான் வழிவந்தவர் நாம் என்னும் முழக்கம். மற்றொன்று, சஞ்சிக்கூலிகளாய் வந்தவர் நாம் என்னும் புலம்பல். முழக்கம் மாணவனுக்கு அரைமணி நேரமே வீறு தருகின்றது. அது மலாய், சீன நண்பனின் முன்னால் உரக்கச் சொல்லக்கூடியதாகவும் இல்லை. புலம்பலோ அவன் தலையைத் தாழ்த்துகின்றது. பேழைக்குள் இருந்த அந்தச் சிறிய புத்தர் இரண்டையும் பேசவில்லை. கடலுக்கு அப்பாலிருந்த ஓர் அரசன் கட்டுவித்த பள்ளியின் பொருட்டுத் தமிழ்க் கொல்லன் மெழுகைப் பிசைந்து உருவாக்கிய வடிவம் அது. வென்றவன் கையும் தோற்றவன் கையும் அதில் இல்லை.

ஊர் திரும்பியபின் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதனைச் சொன்னேன். கரும்பலகையில் 1006, 1025, 1090, 1781, 1937 என ஆண்டுகளை எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, இராசேந்திரன் நம் அரசனா, நம் நாட்டைத் தாக்க வந்தவனா?"

"நீ இரண்டு இடத்திலும் 'நம்' என்றாய். அதை அப்படியே எழுதிக்கொள்" என்றேன்.

கடைசி ஆண்டு எதைக் குறிக்கின்றது என்று வேறொரு மாணவி கேட்டாள். சொன்னேன். அவரவர் வீட்டு ஆண்டைக் கேட்டு வருமாறு அனைவரையும் பணித்தேன். மறுநாள் ஐவர் மட்டுமே ஏதோ ஓர் ஆண்டை எழுதி வந்திருந்தனர். ஏனையோர், வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றனர். ஒரு மாணவனின் ஏட்டில் ஆண்டுக்குப் பதிலாகக் கப்பலின் படம் மட்டும் வரையப்பட்டிருந்தது. அவனுடைய பாட்டி வரைந்து கொடுத்ததாம்.